கைக்குள் அடங்கிய புயல்: டார்வின், 1974 கிறிஸ்துமஸ் இரவு

1974 டிசம்பர் 25, அதிகாலை 3.10 மணி. ஆஸ்திரேலியாவின் வட கரையில் இருக்கும் டார்வின் நகரத்து விமான நிலையக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் என்று ஒரு வீச்சைக் காட்டியது. அதற்குப் பிறகு அது எதையும் காட்டவில்லை. கருவியே போய்விட்டது. உச்ச வேகத்தை இடிந்த வீடுகளையும் வளைந்த கம்பங்களையும் பார்த்துப் பின்னால் கணக்குப் போட வேண்டியதாயிற்று. 240, 250 என்று சொல்கிறார்கள்.

அதே நேரத்தில் மையத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒருவர் படுத்திருந்தால், அவருக்கு அது காற்றும் மழையுமான ஒரு மழைக்கால இரவு, அவ்வளவுதான். ட்ரேசி என்று பெயரிடப்பட்ட அந்தப் புயலில் மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்று மையத்திலிருந்து சுமார் 48 கிலோமீட்டருக்குள் அடங்கியிருந்தது. புயலின் நடுவே காற்று அடங்கிக் கிடக்கும் ‘கண்’ணின் விட்டம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அப்படிப்பட்ட புயலின் மையத்தைச் சென்னை சென்ட்ரலில் வைத்தால் செங்கல்பட்டு தப்பிவிடும். 1979இல் பசிபிக்கில் சுழன்ற ‘டிப்’ புயலின் அகலம் 2,200 கிலோமீட்டர். ட்ரேசியைப் போல இருபதுக்கு மேல் அதற்குள் வரிசையாக நிற்கலாம்.

உலகின் மிகச் சிறிய புயல் என்ற பட்டம் 34 ஆண்டுகள் ட்ரேசியிடம் இருந்தது. 2008 அக்டோபரில் மெக்சிகோவின் வெராக்ரூஸ் கரையில் ஏறிய ‘மார்கோ’ அதைப் பறித்துக்கொண்டது. மார்கோவின் பலத்த காற்று 19 கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிட்டது. ஆனால் அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைச் சுற்றித்தான் இருந்தது. சிறியதாக இருப்பது ஒன்று, சிறியதாக இருந்துகொண்டே ஒரு நகரத்தைத் துடைத்துப் போடுவது வேறு. இரண்டாவது வகைக்கு இன்றும் ட்ரேசியைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று இங்கே சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தப் பழமொழியில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. கடுகைப் பார்த்தால் காரம் தெரியாது, கடித்தால்தான் தெரியும். ட்ரேசி விவகாரம் முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

விலகிப் போனதாக நினைத்த புயல்

டிசம்பர் 20ஆம் தேதி அமெரிக்காவின் எஸ்ஸா-8 செயற்கைக்கோள் அனுப்பிய படத்தில், டார்வினுக்கு வடகிழக்கே சுமார் 370 கிலோமீட்டர் தொலைவில், அராஃபுரா கடல் மேல் ஒரு பெரிய மேகத் திரள் தெரிந்தது. மறுநாள் இரவு டார்வின் புயல் எச்சரிக்கை மையம் அதைப் புயலாக அறிவித்துப் பெயர் சூட்டியது. அடுத்த இரண்டு நாள் அது தென்மேற்காக மெல்ல ஊர்ந்தது. டார்வினுக்கு வடக்காகவே விலகி, பாதர்ஸ்ட் தீவையும் ஒட்டிக் கடந்து, திறந்த கடலுக்குப் போய்விடும் போலிருந்தது.

24ஆம் தேதி காலையில், பாதர்ஸ்ட் தீவின் மேற்கு முனையான ஃபோர்க்ராய் முனையைச் சுற்றி, தென்கிழக்காகத் திரும்பியது. நேராக டார்வினை நோக்கி. பகல் 12.30க்கு வானிலை நிலையம் உச்ச எச்சரிக்கை விட்டது. கிறிஸ்துமஸ் விடியலில் புயல் நகரத்தைத் தொடும் என்று அதில் தெளிவாக இருந்தது. தொட்டதும் அப்போதுதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், ‘யாருக்கும் தெரியாமல் வந்த புயல்’ என்று ட்ரேசியைப் பற்றிப் பேசும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது சரியல்ல. கணினி உதவி பெரிதாக இல்லாத காலத்தில், ஒரு ரேடாரையும் சில செயற்கைக்கோள் படங்களையும் வைத்துக்கொண்டு, திரும்பிய சில மணி நேரத்திற்குள் சொன்னார்கள். ஏறக்குறைய பதினைந்து மணி நேர அவகாசம் கிடைத்தது. வானொலியில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். முன்னறிவிப்பில் குறை கண்டுபிடிக்க நினைப்பவருக்கு இந்த நிகழ்வு அவ்வளவாக உதவாது.

ஆனாலும் ஊர் அன்று மாலை பண்டிகை ஏற்பாட்டில்தான் இருந்தது. அலுவலக விருந்துகள் நடந்தன. வீடுகளில் பரிசுப் பொட்டலங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில் ‘செல்மா’ என்ற புயல் டார்வினை நோக்கி வந்து, எச்சரிக்கைகளையெல்லாம் கிளப்பிவிட்டு, கடைசியில் வேறு பக்கம் திரும்பிவிட்டிருந்தது. ‘இதுவும் செல்மா மாதிரிதான்’ என்ற எண்ணம் பலருக்கு. ஊரை உலுக்கிய முந்தைய பெரும்புயல் 1937இல் வந்தது. அதற்கும் முந்தியது 1897இல். 1974இல் டார்வினில் இருந்த சுமார் 47,000 பேரில் பெரும் பகுதியினர் அரசு வேலை, மாற்றல் என்று தெற்கிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள். 1937ஐ நேரில் கண்டு சொல்ல வீட்டில் ஒரு பாட்டி இல்லாத ஊர்.

செல்மாவையும் பண்டிகையையும் மட்டும் குற்றம் சொன்னால் போதாது என்பது என் எண்ணம். பெரிய புயல் இரண்டு முறை எச்சரிக்கும். வானொலி சொல்வது ஒன்று. பிறகு வானமே சொல்லும். ஒரு நாள் முன்பிருந்தே காற்று மாறும், அலை மாறும், தென்னை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். வானொலியை நம்பாதவரும் அதைப் பார்த்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போவார். குட்டிப் புயலில் அந்த இரண்டாவது எச்சரிக்கை வருவதில்லை. வந்தாலும் வாசலுக்கு வந்த பிறகுதான். டார்வினில் 24ஆம் தேதி பிற்பகலில் மேகம் தாழ்ந்து இறங்கி, மழை வலுத்து, இடையிடையே காற்று வீசியது. டிசம்பர் மாத டார்வினுக்கு அது புதிதில்லை. இரவு பத்து மணி வரை சன்னலைத் திறந்து பார்த்தவர் கண்ணுக்கு, வானொலி சொன்னதும் வெளியே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாதபோது மனிதர் கண்ணைத்தான் நம்புகிறார்.

நாற்பது கிலோமீட்டருக்குள் எல்லாம்

குட்டிப் புயல் எப்படி இவ்வளவு உக்கிரமாக முடியும்? காற்று வேகத்தைத் தீர்மானிப்பது புயலின் அகலம் அல்ல, காற்றழுத்தம் எவ்வளவு தொலைவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான். ட்ரேசியின் மைய அழுத்தம் 950 ஹெக்டோபாஸ்கல். உலகக் கணக்கில் இது பெரிய சாதனை இல்லை, டிப் 870 வரை இறங்கியது. ஆனால் ட்ரேசியில் அந்த இறக்கம் முழுவதும் சில பத்து கிலோமீட்டருக்குள் நடந்தது. ஒரே உயர மலையில் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையும் செங்குத்தான படியும் இருப்பது போல. பலத்த காற்றின் விளிம்பிலிருந்து மிக மோசமான காற்று வீசிய, கண்ணைச் சுற்றியுள்ள கண்சுவர் வரை மொத்தமாக நாற்பது கிலோமீட்டர்தான்.

சிறிய உருவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சுழல வேண்டிய காற்றின் மொத்த அளவு குறைவு என்பதால் வேகம் பிடிப்பதும் சட்டென்று, விடுவதும் சட்டென்று. கடல் சூடாக இருந்து மேல்காற்று ஒழுங்காக இருந்தால் ஒரே நாளில் சாதாரண நிலையிலிருந்து உக்கிரத்துக்குத் தாவிவிடும். பக்கத்திலிருந்து கொஞ்சம் உலர்ந்த காற்று நுழைந்தாலும் அதே வேகத்தில் நொந்து போய்விடும். பெரிய புயல் பாரம் ஏற்றிய லாரி, குட்டிப் புயல் பைக். முன்னறிவிப்பாளருக்கு எது தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று ஐரோப்பிய வானிலை மையத்தின் உலகளாவிய வானிலைக் கணிப்பு பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. 12 கிலோமீட்டர் கண் அதில் ஒன்றரைக் கட்டத்தில் முடிந்துவிடும். கணினியின் பார்வையில் அது ஒரு புள்ளி.

ட்ரேசி குட்டியாக இருந்ததோடு மெதுவாகவும் இருந்தது. நகரத்தை நெருங்கியபோது அதன் வேகம் மணிக்கு ஏழு கிலோமீட்டர் அளவுதான், ஓர் ஆள் ஓட்டமும் நடையுமாகப் போகும் வேகம். இவ்வளவு சிறிய புயல் வழக்கமான வேகத்தில் வந்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊரைக் கடந்து போயிருக்கும். இது நின்று நின்று அடித்தது. பத்து மணிக்கு மேல் காற்று ஏறியது, நள்ளிரவில் கூரைகள் போகத் தொடங்கின, 3.10க்கு அந்தக் கடைசிப் பதிவு, நான்கு மணியளவில் கண் வந்தது. வடக்குப் பகுதிகளிலும் விமான நிலையத்திலும் அரை மணி நேரத்துக்கு அமைதி. பிறகு மறுபாதி. அதுவரை வடகிழக்கிலிருந்து அடித்த காற்று இப்போது தென்மேற்கிலிருந்து அடித்தது. முதல் பாதியில் ஒரு பக்கம் தள்ளாடி நின்ற சுவரை இரண்டாம் பாதி மறுபக்கம் தள்ளியது. காலை ஆறரை மணிக்குத்தான் ஓய்ந்தது.

பலர் உயிர் பிழைத்தது குளியலறையில். சிறிய அறை, நான்கு சுவரும் அருகருகே, குழாய்கள் பிடித்துக்கொண்டிருக்கும். வீடு முழுவதும் போய், குளியலறை மட்டும் மேடை மேல் நின்ற வீடுகள் ஏராளம். அந்த இரவில் டெட் காலின்ஸ் என்ற பாதிரியார் காற்றின் சத்தத்தை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்தார். டார்வின் அருங்காட்சியகத்தில் ஓர் இருட்டறைக்குள் இன்றும் அதைக் கேட்கலாம்.

கூரையில் ஒரு கட்டுக்கம்பிப் பாடம்

நகரத்தின் கட்டடங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. வீடுகளில் சுமார் 80 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்க்கிறவர்கள் ‘217 கிலோமீட்டர் காற்றில் வேறென்ன நடக்கும்’ என்று தோளைக் குலுக்குவார்கள். ஆனால் பொறியாளர் கணக்குப் போட்டுக் கட்டிய பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. விழுந்தவை வீடுகள். அதுவும் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த வடக்குப் புறநகர்களில் அரசு கட்டிக் கொடுத்த புத்தம் புதிய வீடுகள். வெப்பத்துக்காகத் தூண் மேல் உயர்த்தி, பக்கவாட்டில் லூவர் கண்ணாடி (சாய்வாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள்) வைத்து, மேலே நெளி தகடு போட்டவை.

குவீன்ஸ்லாந்தின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகப் பொறியாளர் ஜார்ஜ் வாக்கர் இடிபாடுகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கைதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அழிவின் முதல் கண்ணி கூரைத் தகட்டில் திருகாணி இறங்கிய இடத்தில் இருந்தது. அந்தத் தகடுகளும் திருகாணிகளும் சோதிக்கப்படாதவை அல்ல. சோதனைக்கூடத்தில் மேல்நோக்கி இழுத்துப் பார்த்து, இவ்வளவு விசை தாங்கும் என்று தேர்ச்சி பெற்றவைதான். சோதனையில் ஒரு முறை இழுத்தார்கள். காற்று ஒரு முறை இழுப்பதில்லை.

கட்டட வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கட்டுக்கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து தடவை வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடும். புயல் காற்று சீராக அடிப்பதில்லை, வீச்சு வீச்சாக அடிக்கிறது. ஒவ்வொரு வீச்சிலும் தகடு மேலே எழும்பித் திருகாணித் தலையில் முட்டி, திரும்பத் தணிகிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி. திருகாணித் தலையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன. கடைசியில் திருகாணி ரீப்பரில், அதாவது தகட்டைத் தாங்கும் சட்டத்தில், அப்படியே இருக்க, தகடு மட்டும் கிழிந்து உருவிக்கொண்டு போகிறது. மெல்லியதாகவும் வலிமையாகவும் இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்த கடின எஃகுத் தகடு இந்த வளைவு வேலைக்கு இன்னும் மோசம்.

இங்கேதான் ட்ரேசியின் நிதானம் கொல்லியாகிறது. விரைந்து கடக்கும் புயல் அதே உச்ச வேகத்தோடு வந்திருந்தாலும் அத்தனை ஆயிரம் வீச்சுகளைத் தந்திருக்காது.

ஒரு தகடு போனதும் அடுத்தது சுலபம். போன தகடு பக்கத்து வீட்டு லூவர் கண்ணாடியில் போய் விழும். காற்று வரும் பக்கம் சன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலேயிருந்து இழுப்பு, கீழேயிருந்து தள்ளல், கூரை மேல் ஏறும் மொத்த விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். கூரை போனால் சுவரின் தலையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்தது சுவர். அந்த வீட்டின் துண்டுகள் அதற்கடுத்த வீட்டுக்கு. கடைசியில் பார்த்தால், பல வீடுகள் காற்றால் விழுந்ததைவிடப் பக்கத்து வீட்டால் விழுந்தவை.

இதில் மனதை உறுத்துவது ஒன்று. சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன், 1971 டிசம்பர் 24 அன்று, குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரத்தை ‘ஆல்தியா’ புயல் தாக்கியது. வீடுகளை ஏன் பொறியியல் கணக்கின்றிக் கட்டுகிறோம் என்ற கேள்வியை அந்த ஊர்ப் பொறியாளர்கள் அப்போதே எழுப்பினார்கள். அந்தக் கேள்வி டார்வினுக்கு வந்து சேர்வதற்குள் ட்ரேசி வந்துவிட்டது.

பிறகு விதி மாறியது. கூரைத் தகட்டை 10,000 முறை ஏற்றி இறக்கி, அதற்கு மேலும் பாரம் வைத்துப் பார்த்துத் தேறினால்தான் டார்வினில் போடலாம் என்று கட்டட விதிமுறை வந்தது. 1977இல் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயல் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. பாலம் போலவும் அடுக்குமாடி போலவும் சாதாரணக் குடியிருப்பு வீட்டையும் காற்றுக்குக் கணக்குப் போட்டுக் கட்டுவது ஆஸ்திரேலியாவில் அதன் பிறகுதான் கட்டாயமானது. தூணில் நின்ற வீடுகள் தரைக்கு இறங்கி, கான்கிரீட் கட்டிகளுக்குள் போயின. காற்றோட்டம் போய்விட்டதே, பதுங்குகுழி மாதிரி வெந்து கிடக்கிறதே என்று டார்வின்வாசிகள் அலுத்துக்கொண்டதும் உண்டு. அவர்கள் அலுப்பிலும் நியாயம் இருந்தது.

கடல் அதிகம் கேட்கவில்லை

டிசம்பர், நள்ளிரவுக்குப் பின் வந்த புயல் என்றதும் தமிழ் வாசகருக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வரும். ட்ரேசிக்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1964 டிசம்பர் 22–23 இரவில், தனுஷ்கோடி போயிற்று. ஒப்பிட்டால் தெரிவது வேறுபாடுதான். தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது கடல். டார்வினை அழித்தது காற்று. டார்வின் துறைமுகத்தில் அளந்த கடலேற்றம், அதாவது புயல் தள்ளி உயர்த்திய கடல்மட்டம், 1.6 மீட்டர். வடக்கே கேசுவரினா கடற்கரையில் நான்கு மீட்டர் வரை ஏறியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். காற்று வீசும் பரப்பு குறுகியதாக இருந்தால் கடலைத் தள்ளிக் குவிக்க அதற்கு இடம் போதாது. அதோடு அன்று பௌர்ணமிக்கு நான்கு நாள் பாக்கி. டார்வின் துறைமுகத்தில் பௌர்ணமியை ஒட்டி ஓதம் (கடல் நீர் ஏறி வற்றுவது) எட்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அந்த நாளில், ஓதம் ஏறிய நேரத்தில் வந்திருந்தால் கதையே வேறு.

ஆனாலும் கடல் சும்மா இருக்கவில்லை. துறைமுகத்தில் கடற்படையின் ரோந்துப் படகு ‘ஆரோ’ துறைமேடையில் மோதி மூழ்கியது, மாலுமிகள் இருவர் இறந்தனர். மீன்பிடிப் படகுகள் பல போயின. இறந்தோர் எண்ணிக்கை 66 என்றும் 71 என்றும் எழுதப்படுகிறது. இந்தக் குழப்பத்திற்குக் காரணம் கடலில் காணாமல் போனவர்கள்தான். 24ஆம் தேதி இரவு கரையை விட்டு விலகிப்போன ‘பூயா’ என்ற மரக்கலம் எங்கோ ஆழ்கடலில் மூழ்கியிருக்கும் என்று 29 ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2003இல் அது டார்வின் துறைமுகத்துக்குள்ளேயே கிடப்பது தெரிய வந்தது.

ஊரைக் காலி செய்தது

காலையில் டார்வினுக்கு வெளியே யாருக்கும் விவரம் தெரியவில்லை. தொடர்புகள் அறுந்துவிட்டன. துறைமுகத்தில் தப்பி நின்ற கப்பலின் ரேடியோ வழியாகத்தான் முதல் செய்திகள் போயின. அன்றிரவு மேஜர் ஜெனரல் ஆலன் ஸ்ட்ரெட்டன் விமானத்தில் வந்து இறங்கிப் பொறுப்பேற்றார். அவர் தலைமை வகித்த தேசியப் பேரிடர் அமைப்புக்கு அப்போது வயது சில மாதங்கள்தான். வீடிழந்தோர் 41,000 பேருக்கு மேல். தண்ணீர் இல்லை, கழிவுநீர் வசதி இல்லை, மின்சாரம் இல்லை, வெயிலோ டிசம்பர் வெயில், அங்கே அதுதான் கோடை. ஆட்களை ஊருக்குள் வைத்துக் காப்பாற்றுவதைவிட ஊரிலிருந்து அனுப்புவதே வழி என்று முடிவு செய்தார். ஆறே நாளில் 35,000க்கு மேற்பட்டோர் வெளியேறினர், பெரும்பாலோர் விமானத்தில். குவாண்டாஸின் ஜம்போ விமானம் ஒன்று ஒரே நடையில் 670க்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு போனது. ஆண்டு முடிவில் ஊரில் மிச்சம் இருந்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம்.

அது சரியான முடிவா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். குடும்பங்கள் பிரிந்து ஆளுக்கொரு நகரத்தில் கிடந்தன. சொந்த ஊருக்குத் திரும்ப 1975 நடுப்பகுதி வரை அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. பலர் திரும்பவே இல்லை. புயலுக்கு மறுநாள் நடந்தவற்றை இவ்வளவு சுருக்கிச் சொல்வது அநியாயம்தான், தனிக் கட்டுரைக்கான விஷயம் அது.

அவரை விதை

இத்தகைய புயலுக்கு ஜப்பானில் ஒரு பழைய பெயர் உண்டு: மாமே தைஃபூ. மாமே என்றால் அவரை, மொச்சை போன்ற விதை. கைக்குள் அடங்குகிற எதையும் ஜப்பானியர் செல்லமாக அப்படிச் சொல்வார்கள். ஹிதெதோஷி அராகாவா என்ற வானிலை அறிஞர் 1952இல் இதே பெயரில் இவற்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். வரைபடத்தில் கண்ணில் படாத அளவுக்குச் சிறியவை, ஆனால் கப்பலுக்குப் பெரும்புயலுக்குச் சமமானவை.

செல்லப் பெயரில் ஓர் ஆபத்து இருக்கிறது. குவீன்ஸ்லாந்தில் 1970 ஜனவரியில் விட்சண்டே தீவுகளின் விடுதிகளைச் சிதைத்து 14 பேரைக் கொன்ற ‘ஏடா’வும் குட்டிதான். அது வரும் செய்தியையும் கேட்டவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறியது என்ற சொல் அகலத்தைக் குறிக்கிறது, கேட்பவர் காதில் அது ஆபத்தின் அளவாக விழுகிறது. ஜப்பான் வானிலை நிறுவனம் புயல்களின் அகலத்தைச் சொல்லப் பல படிகள் வைத்திருந்தது: மிகச் சிறிய, சிறிய, நடுத்தர, பெரிய, மிகப் பெரிய. 2000ஆம் ஆண்டில் கீழிருந்த மூன்று படிகளையும் அறிவிப்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே பெரிய புயல் உண்டு, மிகப் பெரிய புயல் உண்டு. மற்றதெல்லாம் வெறும் புயல்.